பட்டாளத்தார் வீட்டுக் கண்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இருக்கும் சுல்ஃபத்தின் வீட்டுக்குப் பட்டாளத்தார் வீடு என்று பெயர். பட்டாளத்துக்குப் போனவர் ஒரே ஒருவர்தான், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால். மிடுக்கு மட்டும் நாலு தலைமுறையாகக் குறையவில்லை. அவர் செய்யது கனி, சுல்ஃபத்தின் பாட்டனாருக்குத் தகப்பனார். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுக்காரர்களின் படையில் சேர்ந்து, முதல் உலகப் போரில் ஜெர்மன்காரன் விட்ட விஷப்புகையில் கண்ணைப் பறிகொடுத்து, பிறகு கொச்சிக்கு வந்து குடியேறினார் என்பது வீட்டுக் கதை. அந்த வீரரின் ரத்தம் வெளியே போகக் கூடாதென்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். நல்ல நல்ல வரன்களைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். சுல்ஃபத் கட்டியதும் மாமி மகனைத்தான்.

அவருக்குப் பிறகும் அந்த வீட்டில் கண் போய்க்கொண்டுதான் இருந்தது. சுல்ஃபத்தின் பாட்டனாருக்குப் போனபோது கண்ணேறு என்றார்கள். வாப்பாவுக்குப் போனபோது மிளகாய்க் கிடங்கின் தூசி என்றார்கள். அண்ணன் தாவூது பொழுது சாயுமுன் பலசரக்குக் கடையை அடைத்துவிடுவார். மக்ரிபுத் தொழுகைக்கு மேல் வியாபாரத்தில் பரக்கத் இல்லை என்பார். கோழி கூடு அடைந்தாச்சு என்று நாங்கள் கேலி செய்வோம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கணவன் இறந்த பின் சுல்ஃபத் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தாள். ஊராருக்கு ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தே மகன் ரயீஸை எஞ்சினியர் ஆக்கினாள். அவனுக்குக் களமசேரியில் வேலை. தாவூதின் மகள் ஆஷிஃபாவோடு நிக்காஹ் பேசி முடித்தார்கள். அழைப்பிதழில் பட்டாளத்தாரின் படைப்பிரிவைப் போட வேண்டும் என்று ரயீஸுக்கு ஆசை.

சுல்ஃபத் தேடினாள். பிரெஞ்சு ராணுவத்தின் பழைய ஆள்சேர்ப்புப் பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாமாம். ஊர், தகப்பன் பெயர், பிறந்த வருஷம் எல்லாம் பொருந்துகிற ஆள் அகப்படுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கோணல் கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, மலையாளத்துக்கு மாற்றிப் படித்தாள்.

செய்யது கனி போர்முனையைப் பார்க்கவே இல்லை. பயிற்சி முகாமில் இரவுக் காவலின்போது பள்ளத்தில் விழுந்தவரை மருத்துவர் சோதித்து ஊருக்கு அனுப்பிவிட்டார். காரணம் மாலைக்கண். பிறவிக் கோளாறு, தகப்பனுக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. வீட்டுக் கதையில் வராத ஒரு தம்பியும் கூடவே படையில் சேர்ந்திருந்தார்; அவர் பதிவிலும் அதே காரணம்தான்.

சுல்ஃபத் அதைத் தாளில் அச்சடித்தாள். தாளை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே அண்ணன் கடைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் தாவூது தாளைக் கையால் ஒதுக்கினார்.

"வாசிக்க வேண்டா. எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து காக்கா?"

"கொறச்சு வருஷமாச்சு. எறணாகுளத்துல டாக்டர் சொன்னாரு. ரத்தத்துல உள்ளதாம். முதல்ல இருட்டுல தெரியாது, பின்னே கண்ணே போயிடுமாம். சொந்தத்துல கட்டினா பிள்ளைங்களுக்கு வர வாய்ப்புக் கூடுமாம்."

"அறிஞ்சுகிட்டேயா இந்தக் கல்யாணத்தைப் பேசினீங்க?"

அவர் கல்லாவை இழுத்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆஷிஃபாவுக்குத் தொடங்கியாச்சு, சுல்ஃபத்து. இருட்டினா அவ படி இறங்க மாட்டா. பின்னே வெளியில யாரு அவளை எடுப்பாங்க? நீ கைவிட மாட்டேன்னு நம்பித்தான் பேசினேன்."

பெண்ணைப் பெற்றவரின் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் கூடப்பிறந்தவளிடம் மறைத்தாரே என்று நினைக்கும்போது பற்றிக்கொண்டுதான் வருகிறது. சுல்ஃபத் அவரைத் திட்டவில்லை. ஆஷிஃபாவைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆனாலும் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளை நினைத்தாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்தாள். கேடு அண்ணன் வீட்டோடு நிற்கட்டும், என் பிள்ளையை விட்டுவிடு என்று வழியெல்லாம் துஆ செய்தபடி வந்ததாக என்னிடம் பிறகு சொன்னாள்.

மக்ரிபுக்குப் பின் ரயீஸ் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கையில் ரத்தம். துடைத்துவிட்டபடி என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"வைட்டிலா பக்கம் ரோட்டு வேலை உம்மா. ஓரத்து வெள்ளைக் கோட்டை அழிச்சிட்டாங்க. கோடு இல்லாம எப்படி ஓட்டுறது?"

"கோடு எதுக்கு? ஹெட்லைட் இருக்கில்லா?"

"லைட்டுல கோடு மட்டும்தானே தெரியும். மத்ததெல்லாம் கறுப்புதானே." அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவன் சிரித்தான். "என்ன உம்மா, ராத்திரியில எல்லாருக்கும் அப்படித்தானே?"