இன்னொரு மாடி போடலாமுங்களா?

“மென்பொருள் ஆய்வாளர். கணினி முன் அமர்ந்து செய்யும் பணி. பொதுமக்களுடன் பேச வேண்டிய அவசியம் இல்லை. அமைதியான சுபாவம் விரும்பத்தக்கது.”

பூஜிதாவின் நியமன ஆணை இப்படிச் சொன்னது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோவையில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் மூன்று தலைமுறைக் கதையையும் கேட்டு முடித்துவிடுகிறவள் அவள். ஆணையை எழுதியவர் அந்த பஸ்ஸில் போனதில்லை போலும்.

கொங்கு மாவட்டங்களில் நிலநடுக்கம் வந்தால் எந்தக் கட்டடம் நிற்கும், எது விழும் என்று கணக்கிடுவது வேலை. விவரங்களைக் கொடுத்தால் மென்பொருள் ஊரைக் கணினிக்குள்ளேயே ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்து, ஆபத்தான கட்டடங்களுக்குச் சிவப்பு அடிக்கும். சிவப்பான பள்ளிகளைப் பலப்படுத்த அரசு நிதி தரும், பச்சைக்குக் கிடையாது. மகள் ஹர்ஷிணி படிக்கும் மேட்டுப்பாளையம் பள்ளித் தூணில் ஒரு விரிசலைப் பார்த்த நாளிலிருந்து, பூஜிதாவுக்கு அந்தப் பள்ளி சிவந்தே ஆக வேண்டும்.

மென்பொருள் வரைந்த ஊர்ப்படம் வந்தது. கோவை முதல் கோபிசெட்டிபாளையம் வரை ஒரே பச்சை. அத்தனை பெரிய நிலநடுக்கத்துக்கு ஓர் ஓடுகூட நழுவவில்லை.

“பாத்தியா அம்மணி, நம்மூரு கொத்தனாருங்க லேசுப்பட்டவங்களா!” என்றார் திட்டத் தலைவர் சுந்தரராஜுலு.

“இதை அனுப்புனா பூகம்பமே வெக்கப்பட்டு வேற ஊருக்குப் போயிருமுங்க சார்.”

குற்றம் மென்பொருளுடையதல்ல. கணக்கெடுத்தவர்கள் வாசல் வாசலாக நின்று, “கட்டடம் பலமா இருக்குதுங்களா?” என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டுக்காரர் எவராவது “இல்லீங்க” என்பாரா? எல்லாரும் அதே பணிவோடு, “கல்லாட்ட இருக்குதுங்க” என்றார்கள். மென்பொருள் வெளியூர்ச் சரக்கு, அப்படியே நம்பிவிட்டது.

பூஜிதா நாற்காலியை விட்டு எழுந்தாள். முதலில் மகளின் பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியை நஃபீசாவிடம் கேட்டாள்:

“ஏனுங்க டீச்சர், இது மேல இன்னொரு மாடி போடலாமுங்களா?”

“அய்யோ, வேண்டாம் அம்மணி! இருக்கறதே தாங்கலை. காத்து பலமா அடிச்சாலே மாடிப் புள்ளைகளைக் கீழ எறக்கிப்போடறேன்.”

“கல்லாட்ட இருக்குதுன்னு சொன்னீங்களாமே?”

“வந்தவங்க மரியாதையாக் கேட்டாங்க. நம்ம பள்ளிக்கூடத்தை நாமளே கொறைச்சுப் பேசறதுங்களா?”

அந்தக் கேள்வி ஊர் ஊராகப் போனது. யாருடைய பெருமையையும் சீண்டாததால் உண்மை கொட்டியது. தூண் மெலிசு என்றார் ஒருவர். அஸ்திவாரம் ஆழமில்லை என்றார் இன்னொருவர். “கட்டுனது எம்பட மச்சானுங்க, வெளிய சொல்லவா முடியும்?” என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தாங்காது” என்ற இடங்களுக்கெல்லாம் பொறியாளர்கள் கருவிகளோடு போய்ச் சோதித்தார்கள். பூஜிதா மறுபடி ஊரைக் குலுக்கினாள்.

படம் அம்மை போட்டதுபோல் சிவந்தது. இத்தனை கட்டடங்கள் விழுந்ததற்கு எந்த அலுவலகமும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்காது. சுந்தரராஜுலு ஜிலேபி வாங்கிவந்தார்.

“கொத்தனாருங்க மானத்தைக் கப்பலேத்திப்போட்டியே அம்மணி!”

“புள்ளைகளைக் காப்பாத்திப்போட்டோமுங்க சார். நீங்க இன்னொரு ஜிலேபி குடுங்க.”

மேட்டுப்பாளையம் பள்ளிக்கு முதல் நிதி வந்தது. கோடை விடுமுறையில் தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினார்கள். பூஜிதா கேள்வியை மாற்றிக் கேட்டு ஊரை உண்மை சொல்ல வைத்தாள்; மகளின் பள்ளியைப் பலப்படுத்த வைத்தாள்.