பொழிக்கு எது மேற்கு?

1. மெம்பர் இருக்காரா?

நான் பேரூராட்சி வார்டு மெம்பராகப் பதவியேற்ற மறுநாள் காலையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தெருக்குழாய் உடைந்துவிட்டதைச் சொல்ல வந்தவர். கதவைத் திறந்த என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மெம்பர் இருக்காரா?"

"இருக்கேன். சொல்லுங்கோ."

"இல்ல, மெம்பரு..."

"நான்தான் அண்ணே. ஓட்டு யாருக்குப் போட்டியோ?"

"ஒங்களுக்குத்தான். பின்ன, வேலைய அவருதானே பாப்பாருன்னு நெனச்சேன்."

'அவரு' என்று வந்தவர் சொன்ன என் வீட்டுக்காரர் அப்போது விசைப்படகில் ஆழ்கடலில் இருந்தார். கரையில் இருந்தாலும் குழாயைத் திருகத் தெரியாதவர். நானே போய்ப் பார்த்தேன், பிளம்பரை வரவழைத்தேன், மதியத்துக்குள் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

மெம்பராவதற்கு முன்பு நான் அலுமினியச் சருவத்தில் மீனைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்றவள். அந்த வேலைக்கும் இந்த வேலைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் நாம்தான் தேடிப் போக வேண்டும். காலையிலேயே திட்டு வாங்க வேண்டும். சரக்கு நாறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

இப்போது புதிதாக ஜெயித்து வந்திருக்கும் பெண் மெம்பர்கள் சிலர், "ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் எப்பிடி அக்கா ஒத்துக்க வைக்கிய?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

2. அடுக்களைக்குள் வெள்ளம்

என் வார்டு இரண்டு துண்டு. கடலோரத்தில் எங்கள் மீனவர் வீடுகள், கோயில், மீன்பிடி வள்ளங்களை ஏற்றி வைத்திருக்கும் மணல்மேடு. கொஞ்சம் உள்ளே காயல் என்கிற உப்பங்கழி; அதன் கரையில் தென்னந்தோப்புகள், விவசாயிகளின் வீடுகள், கடைகள். காயல் கடலில் சேருகிற வாயைத்தான் பொழி என்போம். மழையில்லாத மாதங்களில் கடல் மணலைத் தள்ளி அந்த வாயை அடைத்துவிடும். மழை வலுத்துக் காயல் நிரம்பினால் மணலை வெட்டி வழி விட வேண்டும். வெட்டாவிட்டால் காயல்கரை வீடுகளுக்குள் வெள்ளம் ஏறும். தப்பான இடத்தில் வெட்டினால் பாய்ந்து போகிற வெள்ளம் பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் அறுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் இருப்பது ஒரு புறம் எங்கள் வள்ளங்கள், மறுபுறம் அவர்கள் தென்னைகள்.

நான் மெம்பரான வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. செல்லத்தாய் போன் செய்தாள். காயலை ஒட்டிக் கடைசி வீடு அவளுடையது. என் மீன் வியாபாரத்தில் முதல் போணி எப்போதும் அவள்தான்.

"ஏட்டி ஸ்டெல்லா, வெள்ளம் அடுக்களைக்குள்ள கேறிற்று. மகளையும் கொச்சுப் பிள்ளையையும் கட்டில்ல ஏத்தி வச்சிருக்கேன்."

மகளுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிரசவமாகி வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"ஸ்கூல்ல முகாம் போட்டிருக்கு. ஆட்டோ அனுப்புகேன், வந்திரு."

"பச்சப்பிள்ளையைத் தூக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ளயா? ஆபரேஷன் பண்ணின ஒடம்பு அவளுக்கு. நீ பொழியை வெட்ட வழி பாரு. மெம்பரானா எல்லாம் செய்வேன்னு சொல்லித்தானே ஓட்டு வாங்கின?"

அவள் சொன்னதில் தப்பில்லை. கட்டில் காலில் வெள்ளம் ஏற இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அன்று முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

3. இப்படி ஒரு கூட்டம் நடந்ததே இல்லை

பொதுப்பணித்துறை என்ஜினீயரைப் பிடித்தேன். வெளியூர்ப் பையன், நல்ல சுறுசுறுப்பு. அனுமதி வாங்கி, மறுநாள் காலையில் ஜேசிபி வரும் என்று உறுதி சொன்னார். "காலையிலிருந்து கடல் இறங்குமுகம்மா. மதியத்துக்கு மேல ஏறிடும். அதுக்குள்ள வெட்டணும். இடத்தை மட்டும் ஊர்க்காரங்க பேசி முடிச்சு வையுங்க" என்றார். கடல் ஏறுகிற நேரத்தில் பொழியைத் திறந்தால் காயல் வெளியே போகாது, கடல்தான் உள்ளே வரும்.

இடத்தைப் பேசி முடிப்பதுதான் எப்போதும் சண்டை. முந்தைய வருஷங்களில் போலீஸ் வந்து நின்று வெட்டிய கதையெல்லாம் உண்டு. அன்று மாலை நூலகக் கட்டடத்தில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தேன். கடற்கரைக்காரர்களுக்குச் சிலுவைதாசன் அண்ணன் தலைமை. பேசினால் கடலுக்குள் இருக்கிறவனுக்கும் கேட்கும். காயல்கரைக்காரர்களுக்கு வேலப்பன் அண்ணாச்சி. நெற்றியில் வெள்ளை நாமம், பேசுவதே கேட்காது, ஆனால் சொன்னதை மாற்ற மாட்டார். பொழிக்குப் பக்கத்துத் தோப்பு அவருடையது.

வேலப்பன் அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். "எனக்கு ஒண்ணும் பிடிவாதமில்ல. மேக்க பாத்து வெட்டினா போதும்."

சிலுவைதாசன் அண்ணன் அவரையே பார்த்தார். "மேக்கயா? அண்ணாச்சி, யோசிச்சுத்தான் சொல்லுதீரா?"

"ஆமா. ஒங்களுக்குச் சம்மதமா?"

"எங்களுக்கு என்ன! மேக்க வெட்டினா நூறு சம்மதம்."

அவ்வளவுதான் கூட்டம். நான் வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ் வந்தும் தீராத விவகாரத்தை நான் ஒரு டீயில் தீர்த்துவிட்டேன் என்று வீடு வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

4. மீனும் இளநீரும்

போகிற வழியில் சிலுவைதாசன் அண்ணன் என்னை நிறுத்தினார்.

"மக்கா, வேலப்பன் அண்ணாச்சியை நான் என்னவெல்லாமோ நெனச்சிருந்தேன். பெரிய மனுசன். தன் தோப்புப் பக்கமே வெட்டுங்கன்னு சொல்லிட்டாரே! வீட்டுல நெய்மீன் ஒண்ணு கெடக்கு. அவருக்குக் கொடுத்து விடப்போறேன்."

கொடுத்தும் விட்டார். அதே நேரத்தில் காயல்கரையிலிருந்து வள்ளங்கள் நிற்கிற மேட்டுக்கு இளநீர்க் குலைகள் வந்து இறங்கின. கொண்டு வந்த ஆள் வேலப்பன் அண்ணாச்சி சொல்லியனுப்பியதைச் சொன்னார்: "வள்ளம் நிக்கிற எடத்தையே விட்டுக் கொடுத்த ஆளுகளுக்கு அண்ணாச்சி கொடுத்தாரு."

அது எங்கள் ஆட்களின் காதில் விழுந்தது. விளங்கவில்லை. இளநீரைப் பார்த்ததும் விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

5. கை நீட்டுங்க

காலையில் ஜேசிபி மணலில் இறங்கி நின்றது; என்ஜினீயரும் கூட வந்திருந்தார். டிரைவர் மதுரைப் பக்கத்துக்காரர். "எங்க வெட்டணும்?" என்று கேட்டார்.

"மேக்க!" என்று இரண்டு தரப்பும் ஒன்றாகச் சொன்னார்கள்.

டிரைவர் வண்டியைத் தோப்புப் பக்கம் திருப்பினார். காயல்கரைக்காரர்கள் ஓடி வந்து மறித்தார்கள். வண்டியை நேரே வள்ளங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் ஆட்கள் மறித்தார்கள்.

"மேக்கன்னு நீருதானே சொன்னீரு?" சிலுவைதாசன் அண்ணன் குரல் கோயில் வரை கேட்டிருக்கும்.

"இப்பமும் அதைத்தான் சொல்லுகேன்" என்றார் வேலப்பன் அண்ணாச்சி.

"சொன்ன வாக்கு மாறுதீரா? அப்பம் நெய்மீனைத் திருப்பித் தாரும்!"

"அதை ராத்திரியே தின்னாச்சு. நீரு இளநீயைத் தாரும்!"

ஆளுக்கு ஆள் சாடத் தொடங்கினார்கள். ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான். டிரைவர், "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கப்பா, டீசல் எரியுது" என்று கத்தினார். என் போன் அடித்தது. செல்லத்தாய். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மீன் விற்ற தொண்டை எனக்கு உண்டு, அதைத் திறந்தேன்.

"ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது! மேக்க எதுன்னு கையை நீட்டிக் காட்டுங்க. வார்த்தை வேண்டாம். கை!"

சிலுவைதாசன் அண்ணன் கரையோரமாகத் தோப்பைப் பார்த்துக் கை நீட்டினார். வேலப்பன் அண்ணாச்சி நேரே கடலைப் பார்த்துக் கை நீட்டினார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கடற்கரையில் கொல்லம் போகிற பக்கம் மேற்கு, குமரி போகிற பக்கம் கிழக்கு, கடல் தெற்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். காயல்கரைக்காரர்களுக்கோ சூரியன் கடலில் போய் விழுகிறது, அதனால் கடல்தான் மேற்கு. எனக்கு இரண்டும் தெரியும். சருவத்தோடு அங்கே போனால் அவர்கள் மேற்கைச் சொல்வேன், திரும்பி வந்தால் எங்கள் மேற்கைச் சொல்வேன், யோசிக்காமலே மாறிவிடும். இரண்டு மேற்கையும் ஒரே அறைக்குள் அதுவரை நான் கேட்டதில்லை.

என்ஜினீயர் போனைத் திறந்து திசை பார்த்தார். போன் காட்டிய மேற்கு இரண்டு கைகளுக்கும் நடுவே போய் நின்றது. அதுதான் நிஜமான மேற்கு என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஆள் இல்லை.

முதலில் சிரித்தது வேலப்பன் அண்ணாச்சிதான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மண்வெட்டியை ஓங்கியவன் அதையே ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

சிரிப்பால் பொழி திறக்காது. தோப்பும் வள்ளமும் அதே இடத்தில்தான் இருந்தன. கடல் ஏறப்போகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு பேரையும் நடுமணலுக்கு அழைத்தேன்.

"அண்ணாச்சி, இவரு தன் வள்ளத்து எடத்தை விட்டுத் தந்தாருன்னு நெனச்சுத்தானே இளநீ அனுப்பினீங்க? அண்ணே, அவரு தோப்பை விட்டுத் தந்தாருன்னு நெனச்சுத்தானே மீன் கொடுத்தியோ? நேத்து ராத்திரி ரெண்டு பேரும் மத்தவரைப் பெரிய மனுசன்னு நெனச்சிட்டுப் படுத்தியோ. மீனைத் தின்னாச்சு, இளநீயைக் குடிச்சாச்சு. இனி அந்தப் பெரிய மனுசனா இருந்துதான் ஆகணும். வேற வழியில்ல."

இரண்டு பேரும் தோப்பையும் வள்ளங்களையும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆளுக்கொரு பக்கமா நில்லுங்க. அண்ணாச்சி தோப்பு ஓரத்துல, அண்ணன் வள்ளத்துப் பக்கத்துல. எதை விட்டுத் தர முடியாதோ அதைத் தாண்டி ஒரு அடி வைக்காண்டாம். விட்டுத் தர முடிஞ்சதை மட்டும் முன்னால விட்டுட்டுப் பொறகால நகருங்க. நடுவுல எவ்வளவு கெடைக்குன்னு பாப்போம்."

வேலப்பன் அண்ணாச்சி தோப்பு வரம்பில் நின்று கடலோரத்துத் தென்னைகளைப் பார்த்தார். "இந்த மூணு மூடு தென்னை போனா போகட்டும்" என்று அவற்றுக்குப் பின்னால் நகர்ந்து நின்றார். சிலுவைதாசன் அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பினார்.

"ஏலே, வள்ளத்தை எல்லாம் மேல இழுத்து ஏத்துங்கலே. கோயில் மதிலு வரைக்கும் ஏறட்டும்."

"ஆள் பத்தாது அண்ணே" என்றான் ஒருவன்.

காயல்கரைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்கள். அவர்களுக்கு வள்ளம் இழுக்கத் தெரியாது. எங்கள் ஆட்கள் சத்தம் கொடுக்கும்போது அவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், இவர்கள் ஓயும்போது இழுத்தார்கள். ஆனாலும் வள்ளங்கள் ஏறின. நடுவில் கிடைத்த இடத்தில் சிலுவைதாசன் அண்ணன் ஒரு துடுப்பை நட்டார். அது என்ஜினீயரின் போன் காட்டிய பக்கமாகத்தான் இருந்தது. என்ஜினீயர் அதைக் கவனித்துச் சிரித்துக்கொண்டார், சொல்லிக் காட்டவில்லை. நல்ல பிள்ளை.

டிரைவரிடம் நான் திசை எதுவும் சொல்லவில்லை. "அந்தத் துடுப்புல வெட்டுங்க தம்பி" என்றேன்.

மணல் வெட்டுப்பட்டதும் முதலில் கால் நனைகிற அளவுக்குத்தான் வெள்ளம் போனது. பிறகு கரை இடிந்து இடிந்து வாய் அகன்றது. காயலே எழுந்து கடலுக்கு ஓடுவதுபோல இரைச்சல். அண்ணாச்சியின் தென்னைகளில் ஒன்று சாய்ந்து போயிற்று, மற்றவை நின்றன. வள்ளங்களில் ஒன்றுக்கும் சேதமில்லை.

மாலையில் செல்லத்தாய்க்கு நானே போன் செய்தேன். அவள் போனை எதன் பக்கமோ நீட்டியிருக்க வேண்டும். துடைப்பத்தால் அடுக்களைச் சேற்றைத் தள்ளும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அந்தப் பச்சப்பிள்ளை வீறிட்டு அழும் சத்தம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

6. இந்த வருஷம்

அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும், எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ரோடு ஓரம், கடல்சுவர், குப்பை கொட்டுகிற இடம், எதுவானாலும் அந்த இடத்துக்கே கூட்டிப் போய்க் கையை நீட்டச் சொல்வேன். பேரூராட்சி அலுவலகத்தில் எனக்கு 'கைநீட்டு மெம்பர்' என்று பட்டப்பெயர். இருக்கட்டும். நான் கையை நீட்டி யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. காட்டச் சொன்னது மட்டும்தான்.

புது மெம்பர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இதுதான்: அவர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று பார்க்காதீர்கள், எதை ஒத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

இந்த வருஷமும் ஐப்பசி மழை பிடித்தது. கூட்டத்துக்கு ஆள் கூப்பிடலாம் என்று காலையிலேயே பொழிக்குப் போனேன். எனக்கு முன்பே இரண்டு தரப்பு ஆட்களும் அங்கே நின்றார்கள். வள்ளங்கள் கோயில் மதில் வரை ஏறியிருந்தன. நடுமணலில் துடுப்பு நட்டிருந்தது. அதன் தலையில் யாரோ ஒரு இளநீரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"மெம்பரே, நீங்க எதுக்கு மெனக்கெட்டு வந்தீங்க?" என்றார் வேலப்பன் அண்ணாச்சி.

ஜேசிபி புது டிரைவரோடு மணலில் இறங்கியது. "எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை கைகளும் ஒரே பக்கமாக நீண்டன. நானும் என் கையை நீட்டினேன்.