தங்க அரளிக்கு நான் போடும் ரகசிய உரம்

மன்னார்குடியில் எங்கள் வீட்டு வாசலில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், தங்க அரளி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது.

ஒரு வாரமாக ஓர் அம்மா தினமும் ஸ்கூட்டியை நிறுத்தி, கேட் வழியாக எட்டிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். பட்டாவில் ஏதும் வில்லங்கமோ, வீட்டை யாராவது குறி வைக்கிறார்களோ என்று எனக்கு ஒரே சந்தேகம்.

இன்று காலை கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"யாருங்க நீங்க? எதுக்குப் படம் எடுக்கறீங்க?"

அவர் பதறவே இல்லை.

"பின் தெருவுலதாங்க இருக்கேன். இதே செடி மூணு வச்சேன், மூணும் அழுகிப் போச்சு. நீங்க என்ன உரம் போடறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

"ஒண்ணுமே போடறதில்லைங்க. தண்ணிகூட எப்பவாவதுதான். வெயில் போதும்."

"ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தியே எனக்கு வரல. உங்களுக்கு மட்டும் சும்மா வருதா?"

"ரெண்டு வேளை ஊத்துறதாலதாங்க அழுகுது."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அவரைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் தெரிவிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நானே பொய்க்காரி ஆகிவிட்டேன்.

எப்படியும் நாளைக்கும் வருவார். அவர் நம்புகிற மாதிரி ஏதாவது உரத்தின் பெயர் சொல்லுங்களேன். செடி சாகாததாக இருந்தால் நல்லது.