பெட்டிக் கேமராவும் பெரிய மனிதர்களும்

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைப் பக்கம் போனால், கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து, நர்ஸ் புத்தியில் ஓடிப்போய் ஒருவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தேன். சீறிவிட்டார். படகின் பாய்க்குப் பின்னால் ஒரு மேகம் வந்து நிற்பதற்காகக் கேமராவோடு காத்திருந்தாராம், நான் வந்து கெடுத்துவிட்டேனாம். திண்டிவனம் பக்கத்தில் ஒருவன் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், மல்லாட்டைப் பயிருக்கு மழை கிடைக்குமா என்ற கவலை என்று அர்த்தம். இங்கே அதற்குக் கலை என்று பெயர்.

இந்தக் கலைஞர்கள் கூடி ஒரு படச் சங்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு வகுப்பும் நடத்துகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரின் சிபாரிசில் நானும் சேர்ந்தேன். சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்துத் துரை. அடுத்த வகுப்புக்கு எல்லோரும் கேமராவோடு வர வேண்டும் என்றார். ஊருக்கும் பணம் அனுப்புகிற ஒரு நர்ஸ் எந்தக் கேமராவை வாங்க முடியும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அது கலையில் சேராது போலும்.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். கப்பல் ஏறுமுன் திண்டிவனத்தில் ஒரு படக்கடைக்கு அப்பா அம்மாவோடு போயிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். இருவரும் கிளியனூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். என் வெள்ளை உடுப்பைப் பார்த்துக் கடைக்காரர் எழுந்து நின்றார். பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார். தெருவைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது.

"பொண்ணு மட்டும் உள்ள வரட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க" என்றார்.

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே போனார். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டியிருந்ததால் நான் உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார்.

சரி, பினாங்குக் கடைக்கு வருகிறேன். கடைக்காரர் சீனர். நான் கேமரா கேட்டதும், "மேம் பூஞ்ஞா?" என்றார், மலாய்மொழியில். என் எஜமானியம்மாளுக்கா என்று கேட்கிறார். இல்லை, "சாயா பூஞ்ஞா", என்னுடையது என்றேன். என்னுடைய எஜமானியம்மாளுக்கு என்று அவர் புரிந்துகொண்டார். பிலிம் சுருள் மாட்டுவது சிரமம், அந்த அம்மாளையே அழைத்து வா, காட்டித் தருகிறேன் என்றார். திண்டிவனத்தில் என் உடுப்புக்காவது ஒரு மரியாதை இருந்தது. இங்கே புடவையில் போனது என் தவறு.

அறிவுரை சொல்ல ஆள் கிடைக்காத ஊர் இல்லை இது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் விழுப்புரத்துக்காரர் ஒருவர் மறுதடவை கடைக்குத் தானாகவே கூட வந்தார். ஊரில் அவர் குடும்பத்துக்குச் சொந்த நிலம் உண்டு. அதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்லுவார். கழுத்தில் எப்போதும் ஒரு ஜெர்மன் கேமரா தொங்கும். நான் கடையில் ஒரு சாதாரணப் பெட்டிக் கேமராவை எடுத்துப் பார்த்தேன்.

"இந்தப் பொட்டிய எடுத்துக்கினு போனா டிபன் பொட்டின்னு நெனப்பாங்க, நர்சம்மா. வாங்கறதுதான் வாங்கறீங்க, பாக்கறவன் மிரளணும்" என்றார்.

அவருடைய கேமராவில் என்ன பிலிம் போடுகிறார் என்று கேட்டேன். இன்னும் போடவில்லையாம். கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு ஸ்டுடியோவில் போய்த் தன்னைப் படம் எடுத்துக்கொண்டு, அதை விழுப்புரத்துக்கு அனுப்பியிருந்தார்.

அவர் காட்டிய மடிப்புக் கேமரா பழையது, விலை மலிவு. லென்சுக்குப் பின்னால் மடிந்து விரியும் அதன் தோல் துருத்தியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஊசித் துளைகளில் வெளிச்சம் மினுக்கியது. அதில் எடுக்கும் படமெல்லாம் புகைதான். ஜெர்மன் கேமராவின் நெகட்டிவ் தபால்தலை அளவு, பெரிதாக்க இன்னொரு கருவி வேண்டும். பெட்டிக் கேமராவில் திருக ஒன்றும் இல்லை, கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. பெரிய நெகட்டிவ். தாள்மேல் அப்படியே வைத்து அச்செடுக்கலாம். மிச்சப்படும் காசுக்குப் பிலிம் வாங்கினால் கை பழகும். பழகுகிறவருக்கு வேண்டியது அதுதான். பெட்டியையே வாங்கினேன். வகுப்பில் அதை மேசைமேல் வைத்தபோது, தலைவர் அது பிள்ளைகள் விளையாடுவது என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கவனமாகக் கேட்டேன்.

லீவு கிடைத்ததும் கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் பிடித்தேன். விழுப்புரம் ஸ்டேஷனில் குமாஸ்தாவின் அண்ணன், தம்பி கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்னை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். தம்பி அங்கே பெரிய போட்டோகிராபர் என்று எனக்கே சொன்னார். கையிலிருந்த என் பெட்டியைப் பார்த்து, வழிச்சோறா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை, அப்பாவையும் அம்மாவையும் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். அம்மாவுக்கு ஒரே தயக்கம்.

"உள்ள போயி எடுக்கலாமே பாப்பா. வெளிய நின்னா படம் வுழுமா?" என்றாள்.

"இந்தப் பொட்டிக்கு வெளிய நின்னாதாம்மா வுழும்" என்றேன்.

அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குள்ளே குனிந்து பார்த்த எனக்குக் கண் மறைத்தது. நெற்றி வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

திண்டிவனத்துக் கடையில் கழுவக் கொடுக்க மனம் வரவில்லை. சுருளைப் பத்திரமாகப் பினாங்குக்குக் கொண்டுவந்து நானே கழுவினேன். படம் விழுந்திருந்தது. அம்மாவின் மூக்குத்தி மினுக்கியது. காலை வெயில் என் முதுகில் அடித்ததால், என் நிழல் நீண்டு போய் அவர்கள் காலடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினேன். இன்னொன்றைச் சங்கத்துக்கு எடுத்துப் போனேன்.

தலைவர் வெகுநேரம் பார்த்தார். பிரமாதம் என்றார். வருஷக் கண்காட்சியில் வைக்கலாம், 'கூலித் தம்பதி' என்று பெயரிடலாம், ஆனால் இந்த நிழல் பெரிய பிழை, வெட்டிவிட வேண்டும் என்று சொல்லி, படத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். இவர்கள் என் அப்பா அம்மா என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, மன்னிக்க வேண்டும், எப்போது காலமானார்கள் என்று கேட்டார். கூலிக்காரர்களின் மகள் நர்ஸ் ஆனால், அவள் மிஷன் வளர்த்த அநாதை என்பது அவர் கணக்கு. நான் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதன்பின் அந்த வகுப்புக்குப் போகவில்லை.

ஊரிலிருந்து அப்பா யாரையோ கொண்டு எழுதியிருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் கீழே விழுந்திருக்கும் நிழல் யாருடையது என்று கேட்கிறார்களாம். எங்க பொண்ணுதான், கூடத்தான் நிக்குது என்று அம்மா சொல்கிறாளாம்.

இங்குள்ள பிரதி என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறது. பென்சில் கோட்டுக்கு மேலே அவர்கள் இருவரும், கீழே நான். கோட்டை இன்னும் அழிக்கவில்லை.