நின்றதா, நிற்கவில்லையா

மார்கழியில் எங்கள் மலையில் ஸ்வெட்டர் போடாமல் ஒருவர் நடமாடினால் ஊர் திரும்பிப் பார்க்கும். போன மார்கழியில் என்னைத்தான் பார்த்தது. களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருப்பேன். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, முகம் என்று ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். சற்று நேரத்தில் அடங்கி, அப்புறம் குளிரில் பல் கிட்டும்.

"காய்ச்சலா புள்ள?" என்று என் வீட்டுக்காரர் நெற்றியில் கை வைப்பார். நெற்றி ஜில்லென்று இருக்கும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன் நான்கு மாதமாகத் தூரமும் ஆகவில்லை. நான் வாய் மூடாத ஆள், பஸ்ஸிலும் கேட்பேன், தண்ணீர்க் குழாயடியிலும் கேட்பேன். "சூடு ஏறிக்கிச்சு, வெந்தயத்த முழுங்கு" என்றாள் ஒருத்தி. "வெளிய போவாத கெட்ட ரத்தம் தலைக்கு ஏறுது" என்றாள் இன்னொருத்தி. ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "உனக்கு நின்னு போச்சு. இனி நிம்மதி."

நின்று போனால் எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு மரியாதை உண்டு. தை மாதம் குலசாமிக்குச் சாமைப் பொங்கல் வைக்கும் பெண், தூரம் நின்றவளாக இருக்க வேண்டும். பல வருடமாக அதை வைத்தவர் என் கணவரின் அண்ணன் மனைவி; நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. பங்காளிகள் கூடியிருந்தபோது, "இந்த வருசம் பானை இவளோடது, இவளுக்கு நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தூரமாகிவிட்டது.

பானையைத் தொடலாமா, கூடாதா? சொன்னால் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்த அக்காவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் சாமி குற்றம். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி ஒரு நர்ஸம்மாவிடம் போய் நின்றேன்.

"நாலு மாசம் வரலீன்னா நின்னுருச்சுன்னு யாருங்க சொன்னா?"

"எல்லாருந்தானுங்க."

"கடைசியா வந்ததுல இருந்து முழுசா ஒரு வருசம் வராம இருக்கோணும். நடுவுல வந்துட்டா மறுபடி மொதல்ல இருந்து எண்ணோணும்."

வயது ஏறும்போது சினைப்பையில் சுரப்பது குறைகிறதாம். குறைவதும் ஒழுங்காகக் குறையாமல், ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் இறங்கித்தான் குறையுமாம். அந்தத் தடுமாற்றத்தில்தான் வேர்வை, படபடப்பு, தூக்கம் கெடுவது, ஒன்றுமில்லாததற்குக் கோபம் எல்லாம்.

"தலைக்கு ரத்தம் ஏறறதுங்க?"

"அப்படியெல்லாம் ஏறாதுங்கம்மா. ஆனா ஒரு வருசம் நின்னப்புறம் லேசாப் பட்டாலும் உடனே வந்து காட்டிரோணும். அந்த ஒரு வருசம் முடியற வரைக்கும் புள்ள உண்டாகவும் வாய்ப்பிருக்கு, பாத்துக்கங்க."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "இப்ப நான் இந்தப் பக்கமுங்களா, அந்தப் பக்கமுங்களா?"

"ரெண்டுமில்லீங்க. சில பேருக்கு இப்படியே வருசக்கணக்கா இழுக்கும்."

தெளிவு தேடிப் போனவள் இன்னும் குழம்பித் திரும்பினேன். பொங்கலுக்கு முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. இருந்தும் பொங்கலன்று காலையில் சாமையைக் களைந்துகொண்டிருந்தபோது கை ஓடவில்லை. அக்காவின் பக்கத்தில் போய்க் காதோடு சொல்லிவிட்டேன்.

அக்கா கழுவிய பானையையே மறுபடி கழுவினார். பிறகு மெதுவாக, "எனக்கும் மொத வருசம் பொங்க வெச்ச அடுத்த மாசம் வந்துச்சு கண்ணு" என்றார். "யாருகிட்டயும் சொல்லல. அந்த வருசம் மாடு செத்தப்ப என்னாலதான்னு நெனச்சேன். இன்னிவரைக்கும் நெனைக்கிறேன்."

"அக்கா, உங்களுக்கும் அப்பக் கணக்கு முடியலீங்க. நர்ஸம்மா சொல்றத வெச்சுப் பாத்தா..."

"மாட்டுக்கு அந்த நர்ஸம்மா என்ன சொல்றா?"

நான் பாதியில் விட்ட சாமையை எடுத்து மறுபடி களைந்தேன்.

கடைசியில் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அடுப்போரம் உட்கார்ந்தார். விறகு தள்ளியது நான், கிளறியது நான். சாமையரிசி போட்டதும், வெல்லம் போட்டதும், பானையை இறக்கும்போது ஒரு பக்கத் துணியைப் பிடித்ததும் அவர். பொங்கி வழிந்த நேரத்தில் எனக்குக் குப்பென்று வேர்த்தது. அடுப்புச் சூடு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"இந்த வருசம் யாரு வெச்சது?" என்று ஒரு பங்காளி கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"மொதல்ல தின்னுப் பாரு சாமி" என்றார் அக்கா.

வீட்டுக் காலண்டரில் அந்தத் தூரமான நாளைச் சுழித்து வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு சுழி விழுந்துவிட்டது. அடுத்த தைக்குப் பானை யாருடையது என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.