கம்பியில் ஒரு ஹோம் ரன்

விரல்கள் செப்புக் கம்பியை வளைக்கின்றன. கட்டைவிரல் அழுத்துகிறது, ஆள்காட்டி விரல் தடவிப் பார்க்கிறது, மறுபடி கொஞ்சம் அழுத்தம். ஏறும் பக்கம் சாய்வாகவும் இறங்கும் பக்கம் செங்குத்தாகவும் வர வேண்டும். காற்று பிடித்து இழுப்பதால் பந்து ஏறிய மாதிரியே இறங்குவதில்லை. சரியாக வராததை நிமிர்த்திவிட்டு மீண்டும் ஆரம்பம். கீழே பலகையில் ஆணி அடித்து மைதானம். பத்து மீட்டருக்கு ஒரு விரற்கடை.

விரல்கள் பியோ தொக்சுவினுடையவை. தென் கொரியாவின் பூசான் நகரில் என் சூப்புக் கடைக்கு மேல்மாடியில் மசாஜ் செய்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை.

பேஸ்பால் மைதானத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அடுத்தடுத்த இருக்கை. நடுவில் தொக்சு. அவனுக்கு வலப்பக்கம் டாக்சி ஓட்டும் மா ஜோங்கில், சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். ஆட்டத்தைத் தொக்சுவின் காதில் சொல்வது அவன் வேலை. ஆனால் உயரே கிளம்பும் பந்தெல்லாம் அவனுக்கு வேலியைத் தாண்டும் ஹோம் ரன்தான்.

“போச்சுடா, போச்சு, போச்சு... ப்ச். புடிச்சுட்டான்.”

“எங்கடா போச்சு?”

“மேல.”

“மேலன்னா?”

“மேலன்னா மேலதான்டா. வானத்துக்கு என்ன வெலாசமா இருக்கு?”

பிறகு ஒவ்வொரு அடிக்கும் பந்தின் வேகம், கிளம்பிய கோணம், எட்டிய உயரம், போன தூரம் எல்லாம் செல்போனில் வர ஆரம்பித்தன. ஆட்டத்தைக் கணக்குப் பாடமாக்கிவிட்டார்கள் என்று எங்கள் வரிசையில் பாதிப் பேர் முனகினார்கள். தொக்சு முனகவில்லை. செல்போன் அந்த எண்களைச் சத்தமாக வாசிக்க வாசிக்க, முன் இருக்கையின் முதுகில் விரலால் கோடு இழுத்துப் பார்ப்பான்.

“அக்கா, பந்து எனக்குத் தெரியுது,” என்றான் ஒரு நாள், மிக மெதுவாக. அந்த எண்களைக் கண்டுபிடித்தவர் யாரோ, என் கடைக்கு வந்தால் ஆயுளுக்கும் சூப்பு இலவசம் என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த ஆட்டப் பருவம் முடிவதற்குள் மட்டையின் எந்தச் சத்தத்துக்கு எந்த எண் என்று அவன் காது பழகிவிட்டது. வினை அங்கேதான். ஜோங்கில் எழுந்து நின்று “போச்சுடா, போச்சு” என்று கத்திக்கொண்டிருந்தபோது, தொக்சு உட்கார்ந்தபடியே, “போகாது. ரொம்ப செங்குத்து. வேகமும் பத்தாது,” என்றான். பந்து ஃபீல்டர் கையில் விழுந்தது. பின்வரிசை முழுக்கச் சிரித்தது.

“காதுல கணக்கு வாத்தியார வச்சிருக்க. நான் எதுக்கு?” என்றான் ஜோங்கில். அடுத்த ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. சவாரி நிறைய என்று சொல்லியனுப்பினான்.

போன வாரம் கடைசி அடியில், ஒரு ஹோம் ரன்னில், எங்கள் அணி ஜெயித்தது. வலப்பக்கம் காலி இருக்கை. தொக்சு எண்களைக் கேட்டான், கோடு இழுத்தான், பிறகு என் பக்கம் திரும்பினான். “லெஃப்ட் ஃபீல்டர் என்ன பண்ணான்க்கா?”

“ஓடினான். நின்னான்.”

“அவ்ளோதானா?”

எனக்கு அவ்வளவுதான் வரும். விடிந்ததும் கம்பி வாங்கித் தரச் சொன்னான்.

கம்பி வேலை முடிந்ததும் அவனை டாக்சி நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். ஜோங்கில் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

“என்ன, வாத்தியாருக்கு லீவா?”

“அந்த ஹோம் ரன் பாத்தியா?”

“சிக்னல்ல நிக்கும்போது போன்ல பாத்தேன்.”

“லெஃப்ட் ஃபீல்டர் என்ன பண்ணான்?”

“அக்கா சொல்லலியா?”

“ஓடினான், நின்னானாம்.”

ஜோங்கில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். “என்னக்கா இது, பஸ்ஸுக்கா ஓடினான்? டேய், அவன் வேலியில முதுகை ஒட்டிக்கிட்டு, மழை வருமான்னு பாக்கிற மாதிரி அண்ணாந்து பாத்தான். பந்து தாண்டினதும் கையுறையக் கழட்டித் தலைமேல கவுத்துக்கிட்டான். பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினவன் கெட்டான்.”

தொக்சு அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

“பந்து முழுசா தெரிஞ்சுதுடா. அந்த ஆளுதான் தெரியல. சனிக்கெழம வா.”

“நீதான் முன்னாடியே போகாதுன்னு சொல்லிடுவியே.”

“சொல்ல மாட்டேன். நீ போச்சு போச்சுன்னு கத்து. நானும் நம்பறேன்.”

தொக்சு பைக்குள்ளிருந்து பலகையை எடுத்தான். ஜோங்கில் குனிந்து பார்த்தான். எங்கள் இருக்கையிலிருந்து பந்து விலகிப் போவது மட்டும்தான் தெரியும். அதன் வளைவைப் பக்கவாட்டில் நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

“இவ்ளோ அழகாவா போச்சு?”

“இப்படித்தான் போச்சு. நீ வச்சுக்க.”

ஜோங்கில் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.