அமாவாசைக்கு வராத தண்ணீர்

வீடு வாங்க வருகிறவர்களை விரட்டுவதற்காகச் சொந்த வீட்டு முன்னறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிய ஆள் மட்டாஞ்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஐம்பது வயதும் அலமாரி நிறையப் புத்தகங்களும் அதைத் தடுக்கவில்லை.

விவாகரத்து முடிந்திருந்தது. வீடு முடியவில்லை, பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தது. விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது நீதிமன்றம். இடக்கொச்சியில் வாடகை அறையில் இருந்த முன்னாள் மனைவிக்குத் தன் பங்கில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும். யாரும் வாங்காவிட்டால் அவள் பங்கை நானே அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கலாம் என்பது என் திட்டம்.

எனக்கிருந்த ஒரே கூட்டாளி காயல். அமாவாசையை ஒட்டிக் கடல் பொங்கும் வேலியேற்றத்தில் உப்புத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஏறி வரும். ஆகவே வீடு பார்க்க அமாவாசையன்று காலையில் வரச் சொன்னேன். அன்று பார்த்துத் தண்ணீர் ஓடை விளிம்போடு நின்றுகொண்டது. குழாயைத் திறந்தேன்.

பள்ளுருத்தியிலிருந்து வந்த தம்பதி வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இது எப்பவும் உண்டோ சேட்டா?" என்றார் கணவர்.

"மாசத்துல பாதி நாள்," என்றேன், துக்க வீட்டுக் குரலில்.

அவர்களை அழைத்துவந்த தரகர் என்னை முறைத்தார். அந்த அம்மாள் கணவரின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அப்போதுதான் ஆட்டோவிலிருந்து அவள் இறங்கினாள். அவள் வருவதைத் தரகர் எனக்குச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நடந்து அடுக்களைவரை போய்த் திரும்பினாள். குனிந்து, விரலை நனைத்து, முகர்ந்தாள்.

"வேலியேற்றம் இங்க உண்டு. அத ஒளிக்க மாட்டேன்," என்றாள் அவர்களிடம். "வந்தா அடுக்களை ஓடை வழியாத்தான் வரும், கறுப்புச் சேறு கெடக்கும். அடுக்களை காஞ்சு கெடக்கு. இதுல ப்ளீச்சிங் பவுடர் மணக்குது. காயல்ல யாரு அதப் போட்டா?"

பள்ளுருத்திக்காரர் முழங்கால்வரை நனைந்திருந்த என் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எங்க கட்டிலுக்கடியில வருஷா வருஷம் மீனே நீந்தும் சேட்டா. எங்களுக்குப் போயி பைப்புத் தண்ணியக் காட்டுறீங்களே!"

அவர்களுக்கே விற்கக் கையெழுத்துப் போட்டேன். பத்திரம் பதிந்த அன்று பதிவு அலுவலக வாசல் கடையில் சாயா குடிக்கும்போது, பெருந்தன்மையாக இருக்கட்டுமே என்று, "அன்னிக்குச் செஞ்சது தப்புதான்," என்றேன்.

அவள் சாயாவை ஊதினாள். "இருக்கட்டும். கல்யாணம் கழிஞ்சு இத்தன வருஷத்துல அந்தத் தரையில நீங்க தண்ணி ஊத்துனது அன்னிக்குத்தான். அதயும் தொடச்சது புரோக்கர்தானாமே."